பழைய பச்சைக்கு மேல் புது டாட்டூ: இரண்டு முறை குத்திக்கொண்டவனின் வழிகாட்டி

பதினேழு வயதில், எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருந்தவரிடம் 150 ரூபாய் கொடுத்து, இடது முன்கையில் தங்கையின் பெயரைக் குத்திக்கொண்டேன். அவள் பெயரில் உள்ள 'ழ', என் கையில் 'ள' ஆகிவிட்டது. பத்து வருடத்தில் எழுத்தெல்லாம் கரைந்து, மழையில் நனைந்த கடைப் பலகை மாதிரி ஆயிற்று. "அது எம் பேரே இல்லீங்ண்ணா" என்று அவள் கேலி செய்யாத தீபாவளி கிடையாது.

கல்யாணம் நிச்சயமானதும் அதை மறைக்கக் கிளம்பினேன். ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை என்று நினைத்தேன். பத்து மாதமும் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபாயும் போயின. முதல் கவர்-அப் (பழைய பச்சையை மறைக்க அதன் மேலேயே குத்தும் டாட்டூ) தோற்று, லேசரில் மங்க வைத்து, மறுபடி குத்திக்கொண்ட பிறகுதான் சரியானது. திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் இதே யோசனையில் இருப்பவர்கள் நான் போன சுற்றுப்பாதையில் போகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

1. கடைக்குப் போகும் முன் கையைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், பழைய பச்சையைப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். என்னுடையது 8 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. உயரம். இந்த இரண்டு எண்களை வைத்துத்தான் டிசைன், விலை, நாள் எல்லாவற்றையும் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் ஃபில்டர் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். எழுத்து விரலுக்குத் தட்டுப்பட்டால் அங்கே தழும்பு இருக்கிறது. இங்க் நிறத்தை மாற்றும், மேட்டை மட்டமாக்காது. எனக்கு ஒரு எழுத்தின் கால் மட்டும் தடித்திருந்தது, இன்றைக்கும் தட்டுப்படுகிறது.

இன்னொன்றையும் பாருங்கள்: காது குத்திய இடம், சிறுவயதில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடது தோள். அங்கெல்லாம் காயத்தைத் தாண்டி உருண்டையாகவோ கயிறு மாதிரியோ தழும்பு வளர்ந்திருந்தால் அது கெலாய்டாக இருக்கலாம். அப்படியானால் டாட்டூ கடைக்குப் போகும் முன் தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவிலேயே காட்டலாம்.

நோம்பிக் கடையில் குத்தியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த ஊசி உங்களுக்கு முன் எத்தனை பேர் கையில் இறங்கியதோ, யாருக்கும் தெரியாது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிடுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசம். விவரத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். எனக்கு எதுவும் இல்லை என்று வந்த தாளைப் பார்த்த பிறகுதான், அதுவரை எவ்வளவு அசட்டையாக இருந்திருக்கிறேன் என்று உறைத்தது.

2. காக்கிச் சட்டைக் கனவு இருந்தால் இங்கேயே நில்லுங்கள்

கவர்-அப் என்றால் டாட்டூ பெரிதாகும். மத்திய ஆயுதப் படைகளுக்கான கான்ஸ்டபிள் தேர்வு அறிவிப்புகளில் உள்ள விதி என்ன தெரியுமா? சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ இருக்கலாம். அந்த உறுப்பில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். சமயச் சின்னமோ பெயரோ மட்டும்தான். சின்னதாக ஒரு பெயர் இருக்கும் கையோடு தேறக்கூடியவர், அதை மறைக்கப் பெரிய சிங்கம் குத்திக்கொண்டு மருத்துவப் பரிசோதனையில் வெளியேறலாம். அவர்களுக்கு வழி லேசரில் அழிப்பதுதான், மறைப்பதல்ல.

ரத்த தானம் செய்கிறவர்கள் கடைசியாகக் குத்திய நாளிலிருந்து 12 மாதம் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு சிட்டிங்காக, அதாவது இரண்டு தடவையாக உட்கார்ந்து குத்தினால், இரண்டாவதிலிருந்து கணக்கு.

3. டிசைன்: சாயப்பட்டறைக் கணக்கு

நான் ஏமாந்தது இங்கேதான். சுவரில் பழைய சுண்ணாம்பின் மேல் பெயின்ட் அடிப்பது மாதிரி, புது இங்க் பழையதை மூடிவிடும் என்று நினைத்தேன். தோலில் அப்படி நடக்காது. இரண்டு இங்க்கும் மேல்தோலுக்குக் கீழே ஒரே அடுக்கில்தான் உட்காருகின்றன. நமக்குத் தெரிவது இரண்டும் கலந்த நிறம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மஞ்சள் துணியை நேவி புளூ ஆக்கலாம். நேவி புளூவை மஞ்சள் ஆக்க முடியுமா? ஷேடு தப்பிய துணியைக் கடைசியில் கறுப்பில்தானே முக்குவார்கள்? வெளுப்பாக்கித்தான் தீர வேண்டும் என்றால் முதலில் பிளீச் பண்ண வேண்டும். டாட்டூவில் அந்த பிளீச்சுக்குப் பதில் லேசர். இந்தக் கணக்கு எனக்கு முதல் நாளே உறைத்திருந்தால் ஐந்து மாதம் மிச்சம்.

என் முதல் கவர்-அப் ஒரு மயிலிறகு. மெல்லிய கோடுகள், நடுவில் இளம்பச்சையும் மஞ்சளும். குத்திய அன்று பிரமாதமாக இருந்தது. புது இங்க் அடர்த்தியாக இருக்கும், தோலும் சிவந்து வீங்கியிருக்கும், அதனால் எல்லாக் கவர்-அப்பும் முதல் நாள் பிரமாதமாகத்தான் தெரியும். ஆறு வாரத்தில் வீக்கம் வடிந்து, மஞ்சள் அழுக்குப் பச்சையாகி, இறகின் நடுவிலிருந்து அந்த 'ள' எட்டிப் பார்த்தது. ஆவணியில் கல்யாணம். இணைச்சீர் (மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்யும் கல்யாணச் சீர்) செய்யத் தங்கை பக்கத்தில் நிற்கிறாள். முழுக்கைச் சட்டைக்குள்ளே அவள் பெயர் பாதி இறகும் பாதி எழுத்துமாக இருக்கிறது.

எனவே டிசைன் பார்க்கும்போது:

புதியது பழையதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். "அதே சைஸில் முடிச்சுத் தர்றேன்" என்று சொல்பவர் கறுப்புப் பட்டை ஒன்றை அப்பித்தான் முடிப்பார்.

கறுப்பு, அடர்நீலம், அடர்பச்சை, கருஞ்சிவப்பு மறைக்கும். வெள்ளையும் மஞ்சளும் கறுப்பை மறைக்காது. வெள்ளை இங்க்கால் அழித்துவிட்டு அதன் மேல் வரையலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டிசைனின் அடர்ந்த பகுதி பழைய பச்சையின் மேல் விழ வேண்டும், வெளிச்சமான பகுதி வெறும் தோலில். சொரசொரப்பும் மடிப்பும் உள்ள உருவங்கள் நல்லது: இலைக்கொத்து, செதில், சிறகு, பிடரி, மரப்பட்டை. மெல்லிய கோட்டில் ஓம், வேல், மணிக்கட்டில் ஒற்றை வரி, இவை வெறும் தோலுக்கு அழகு, கவர்-அப்புக்கு உதவாது.

எனக்குக் கடைசியில் கைகொடுத்தது காங்கேயம் காளை. எங்கள் பக்கத்துக் காளைக்கு உடம்பு வெளுத்திருக்கும், திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும். ஆர்ட்டிஸ்ட் பழைய எழுத்துகளைச் சரியாகத் திமிலிலும் கழுத்து மடிப்பிலும் விழ வைத்து, முகத்தையும் கொம்பையும் வெறும் தோலுக்கு நகர்த்தினார். மறைக்க வேண்டிய இடத்தில் இயல்பாகவே கறுப்பு இருக்கும் உருவம் எது என்று யோசித்தால் உங்களுக்கும் ஒன்று அகப்படும்.

4. ஆர்ட்டிஸ்டைத் தேடுவது

நன்றாகக் குத்துகிறவர் எல்லோருக்கும் கவர்-அப் வராது. நான்கு கடையில் கேட்டேன். இந்த மூன்று கேள்விகளில் பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள்.

முதலாவது: "நீங்க செஞ்ச கவர்-அப்புல, ஆறு மாசம் கழிச்சு எடுத்த படம் இருக்குங்களா?" குத்திய அன்று எடுத்த படத்தை யாரும் காட்டுவார்கள். ஆறிய படம்தான் சாட்சி.

இரண்டாவது: "என் கை மேலேயே வரைஞ்சு காட்டுவீங்களா?" கவர்-அப் டிசைனை, பழையதன் படத்தின் மேலோ கையின் மேலோ வைத்துத்தான் வரைய வேண்டும். போனில் ஒரு படத்தைக் காட்டி "இதையே போட்டுடலாம்" என்பவர் உங்கள் பச்சையைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது: "இங்க்கை மங்கலாக்க எந்தத் தண்ணி கலப்பீங்க?" ஷேடிங்குக்குக் கறுப்பு இங்க்கில் தண்ணீர் கலப்பதுண்டு. அது கிருமி நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ கலந்தால் அதிலுள்ள மைக்கோபாக்டீரியா வகைக் கிருமிகள் தோலுக்குள் போய், வாரக்கணக்கில் ஆறாத கொப்புளம் வரலாம். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு ருசியாக இருந்தாலும் இங்க்கில் அதற்கு வேலையில்லை.

உறை பிரிக்காத ஊசியையோ கார்ட்ரிட்ஜையோ உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். இங்க் பாட்டிலில் காலாவதித் தேதி தெரிய வேண்டும். சின்னக் கப்பில் ஊற்றிய இங்க் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும், பாட்டிலுக்குத் திரும்பக் கூடாது.

மரத்துப்போக ஊசி போடுகிறேன், லேசரும் நானே அடிக்கிறேன் என்று டாட்டூ கடையில் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது மருத்துவர் வேலை. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிடும் வேலை செய்த டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்ததும், இருவர் கைதானதும் நினைவிருக்கும்.

எனக்கு உண்மையைச் சொன்னவர் வேலையை மறுத்தவர்தான். "இப்பவே குத்துனா மறுபடியும் தெரியுமுங்க. ரெண்டு தடவ லேசர் அடிச்சு மங்க வெச்சுட்டு வாங்க" என்று அட்வான்ஸ் வாங்காமல் திருப்பி அனுப்பினார். அப்படி அனுப்புகிறவரிடமே திரும்பிப் போங்கள்.

5. லேசர்: அழிக்க அல்ல, மங்க வைக்க

பழைய பச்சை ஏற்கெனவே சாம்பலாக வெளுத்திருந்தால் லேசர் வேண்டாம். கருகருவென்று இருந்தால், அல்லது என்னைப் போல் ஏற்கெனவே ஒரு கவர்-அப் கெட்டுப்போயிருந்தால், தேவைப்படும். முழுதாக அழிக்கப் பல தடவை அடிக்க வேண்டியிருக்கும். கவர்-அப்புக்கு மங்கினால் போதும் என்பதால் பெரும்பாலும் இரண்டு மூன்றில் நிறுத்தலாம்.

தோல் மருத்துவர் இருக்கும் கிளினிக்குக்கே போங்கள். நம் மாதிரி மாநிறம், கறுப்புத் தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் அடிக்கும் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பானது, கறுப்பு இங்க்கையும் அதுதான் உடைக்கும். அளவு தப்பினால் தோல் வெளுத்தோ கறுத்தோ திட்டுத்திட்டாகிவிடும். அந்த வெளுத்த திட்டு டாட்டூவைவிட அசிங்கம். ஆகவே ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேசர் இங்க்கைப் பொடியாக்குவதோடு சரி. பொடியை அள்ளிக்கொண்டு போவது உடம்பு; அதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் ஆறிலிருந்து எட்டு வாரம் இடைவெளி வேண்டும். கடைசி லேசருக்குப் பிறகும் குத்துவதற்கு அதே அளவு காத்திருங்கள். நான் இரண்டு மாதம் விட்டேன்.

மெடிக்கல் ஷாப்பில் விற்கும் டாட்டூ அழிக்கும் கிரீமால் உள்ளே இருக்கும் இங்க்கைத் தொட முடியாது. முந்திரிக்கொட்டைப் பால், சுண்ணாம்பு, கல் உப்பு வைத்துத் தேய்ப்பது எல்லாம் ஊரில் நடக்கும் கைவைத்தியம். தோல் வெந்து தழும்பாகும், பச்சை அப்படியே இருக்கும். தழும்பின் மேல் கவர்-அப்பும் சரியாகப் பிடிக்காது.

6. கையோடு எடுத்துப் போக வேண்டியவை

ஆதார் அல்லது வேறு வயதுச் சான்று (பதினெட்டுக்குக் கீழே நல்ல கடைகளில் தொட மாட்டார்கள்). பழைய பச்சையின் படங்கள். லேசர் செய்திருந்தால் கடைசித் தேதி உள்ள சீட்டு. சர்க்கரை, ரத்தம் உறையாமைக்கு மாத்திரை, இதயக் கோளாறு, தோல் அலர்ஜி ஏதாவது இருந்தால் மருத்துவரின் கடிதம். கர்ப்பமாகவோ பாலூட்டிக்கொண்டோ இருப்பவர்கள் தள்ளிப்போட்டுவிடுங்கள்.

கடையில் ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் மூன்று விவரத்தைத் தேடுங்கள்: டச்-அப் (ஆறிய பிறகு விட்டுப்போன இடத்தில் மறுபடி குத்துவது) விலையில் சேர்த்தியா, எத்தனை மாதத்துக்குள், தேதி மாறினால் அட்வான்ஸ் திரும்புமா. என் முதல் கடையில் படிவமே இல்லை. பில்லும் இல்லை. பழசு தெரிகிறது என்று போய் நின்றபோது காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. "உங்க தோலு அப்படிங்க" என்று முடித்துவிட்டார்கள்.

டிரைவிங் லைசென்ஸ் படிவத்திலோ வேறெங்கோ அங்க அடையாளமாக அந்தப் பச்சையைக் குறிப்பிட்டிருந்தால் பழைய படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

7. செலவு

நான் கொடுத்தது இது. ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறும்.

கெட்டுப்போன மயிலிறகு 4,500. தோல் மருத்துவரைப் பார்க்க 500. லேசர் இரண்டு தடவை, தடவைக்கு 4,000 வீதம் 8,000. காளை, இரண்டு சிட்டிங், டச்-அப் சேர்த்து 15,000. சோப்பு, களிம்பு, சன்ஸ்கிரீன் 1,200. மொத்தம் 29,200. பஸ் கட்டணத்தைச் சேர்க்கவில்லை, எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

கவர்-அப்புக்கு வெறும் தோலில் குத்துவதைவிட அதிகம் கேட்பது நியாயம்தான், வேலை அப்படி. சதுர அங்குலக் கணக்கில் விலை சொன்னால் அது புது டிசைனின் அளவுக்கா பழையதன் அளவுக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேசர் செலவு மருத்துவக் காப்பீட்டில் வராது. அழகுக்கான சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கிறது.

8. எந்த மாதம் குத்தலாம்

பங்குனி, சித்திரை, வைகாசி வேண்டாம். வேர்வையும் வெயிலும் ஒருபக்கம். நோம்பிகளும் மஞ்சள் நீராட்டும் மறுபக்கம். கையில் புண்ணோடு மஞ்சள் தண்ணீருக்குத் தப்ப முடியாது. ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறையில் முங்குகிறவர்கள் அதற்கு ஒரு மாதம் முன்பே முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் பிறகு பாருங்கள். கிணற்றில் குதிப்பவர்களுக்கும் இதுதான். கார்த்திகையிலிருந்து மாசி வரை தோதான காலம்.

கல்யாணம் மாதிரி தேதி வைத்து ஓடுகிறவர்கள் பின்னாலிருந்து எண்ணுங்கள். லேசர் இல்லையென்றால் குறைந்தது மூன்று மாதம். லேசர் உண்டென்றால் எட்டு மாதம். அவ்வளவு நாள் இல்லையென்றால் முழுக்கைச் சட்டை தைத்துக்கொள்ளுங்கள், என் கல்யாண ஆல்பத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

வேலையையும் பாருங்கள். சாயப்பட்டறை, ஃபவுண்டரி, கோழிப்பண்ணை, மாட்டுக் கொட்டகை, தறிக்கூடம் என்றால் முதல் ஒரு வாரமாவது அந்தக் கை அங்கே போகக் கூடாது. நான் ஆபீஸ் வேலை. வெள்ளி மாலை குத்திக்கொண்டு திங்கள் போய்விட்டேன்.

9. குத்தும் நாள்

நன்றாகத் தூங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முந்தின இரவு மது வேண்டாம். எனக்கு அரிசிம்பருப்புச் சாதம் நான்கு மணி நேரம் தாங்கியது. மரத்துப்போகும் கிரீம் வேண்டுமென்றால் முதலிலேயே ஆர்ட்டிஸ்டிடம் சொல்லுங்கள்; ஒரு மணி நேரம் முன்பே பூச வேண்டும், பெரிய பரப்பில் அள்ளிப் பூசக் கூடாது.

ஸ்டென்சில் (டிசைனின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாள்) ஒட்டியதும் அவசரப்படாதீர்கள். கையைத் தொங்கவிட்டு, மடக்கி, கண்ணாடியில் பாருங்கள். பழைய கோடு எங்காவது ஸ்டென்சிலுக்கு வெளியே நீட்டுகிறதா? இருந்தால் அழித்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு நான் மயிலிறகில் விட்டதுதான் அந்த 'ள'வின் வால்.

பழைய பச்சையின் மேல் ஊசி இறங்கும்போது, குறிப்பாகத் தழும்பில், வலி கூடுதல். ஒரே நாளில் அழுத்தி அழுத்தி முடிக்கச் சொல்லாதீர்கள். தோல் நைந்தால் இங்க் நிற்காது.

10. அடுத்த மூன்று வாரம்

வாசனையில்லாத மிதமான சோப்பு, சுத்தமான தண்ணீர், தினம் இரண்டு முறை. ஒற்றித் துடைத்து, கொடுத்த களிம்பை மெல்லியதாக. அவ்வளவுதான்.

வீட்டில் சும்மா இருக்க மாட்டார்கள். "மஞ்சப்பொடி வெச்சா ரெண்டு நாள்ல ஆறிப்போகும் சாமி" என்று அம்மா கிண்ணத்தோடு வந்தார். ஈரோட்டு மஞ்சளுக்கு எல்லா மரியாதையும் உண்டு, குழம்பில். திறந்த புண்ணில் பொடியை அப்பினால் கிருமியும் சேர்ந்து வரும், பொருக்கும் தடிக்கும். விளக்கெண்ணெய், கடைத் தேங்காய் எண்ணெய்க்கும் இதே பதில்.

நான்காம் ஐந்தாம் நாள் தோல் உரியும், அரிக்கும். சொறிந்தால் அந்த இடத்தில் இங்க் விட்டுப்போய்ப் பழைய பச்சை அங்கேதான் தலைகாட்டும். மூன்றாம் வாரத்தில் புகை படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும். பயப்பட வேண்டாம், தெளிந்துவிடும். சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆர்ட்டிஸ்டுக்குப் படம் அனுப்பிக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் போங்கள்.

11. டச்-அப்

கவர்-அப்புக்கு டச்-அப் வேண்டியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து, வெயிலில் நின்று கையைப் பாருங்கள். அறை வெளிச்சம் ஏமாற்றும். எங்கே பழைய கோடு தெரிகிறதோ அங்கே பேனாவால் வட்டமிட்டுப் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் போனால் வேலை சீக்கிரம் முடியும். என் காளைக்குத் திமிலின் பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பலாகத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் சரிசெய்தார், காசு வாங்கவில்லை, படிவத்தில் இருந்ததால்.

ஆறிய பிறகு, பைக்கில் போகிறவர்கள் கைக்கு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் போடுங்கள். வெயிலில் புது இங்க் வெளுத்தால் முதலில் வெளியே வருவது பழசுதான். தங்கை சென்ற மாதம் வந்தபோது கையை இழுத்துவைத்து, திமிலை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பி ஐந்து நிமிடம் தேடினாள். 'ள' கிடைக்கவில்லை.